96 மதிப்பெண் வாங்கிய தளத்தில் ஹால் டிக்கெட் எடுக்க முடியவில்லை

தமிழ்நாட்டில் உள்ள ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். இங்கே எழுதப்போகும் குறைகளில் பாதிக்கு மேல் எந்தக் கல்வி நிறுவனத் தளத்தைத் திறந்தாலும் கிடைக்கும், ஒருவரை மட்டும் காட்டிக்கொடுப்பது நியாயமாகாது. பழைய இணையதளத்துக்கு வயதாகிவிட்டதால் புதிது கட்ட டெண்டர் விட்டிருந்தார்கள். ஒரு தனியார் நிறுவனம் அதை எடுத்து, இழுத்து, ஒருவழியாக முடித்திருந்தது. திறப்பு நாள் குறித்து அழைப்பிதழும் அச்சுக்குப் போன பிறகுதான் யாரோ கோப்பைப் புரட்டியிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி, மத்திய அரசின் இணையதள வழிகாட்டு நெறிகளுக்கு ஏற்பத் தளம் இருக்க வேண்டும் என்று டெண்டர் நிபந்தனையில் ஒரு வரி இருந்தது. வெளியாள் ஒருவர் பார்த்துச் சான்று கொடுத்துவிட்டால் கோப்பு நிறைவாகிவிடும். அந்த வெளியாள் நான். கையில் 11 நாள்.

முதல் கூட்டத்தில் நிறுவனத்தின் திட்ட மேலாளர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். மாற்றுத்திறனாளிகள் தளத்தை எவ்வளவு அணுக முடிகிறது என்று தானாகவே அளக்கும் லைட்ஹவுஸ் சோதனையில் முகப்புப் பக்கம் வாங்கிய மதிப்பெண், பச்சை வட்டத்துக்குள் 96. "இன்னும் நாலு மார்க்தான் மேடம். ரெண்டு நாள்ல நூறு ஆக்கிடுவோம்."

அவர் பொய் சொல்லவில்லை. லைட்ஹவுஸ், ஆக்ஸ், வேவ் மாதிரியான கருவிகள் நிரலைப் படித்து, இயந்திரத்தால் உறுதியாகச் சொல்லக்கூடிய பிழைகளை மட்டும் சொல்கின்றன. பார்க்க முடியாதவருக்குப் படத்தை விவரிக்கும் மாற்று உரை இருக்கிறதா என்று பார்க்கும். அந்த உரைக்கும் படத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று அதற்குத் தெரியாது. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2017இல் வேண்டுமென்றே 142 குறைகளை வைத்து ஒரு பக்கத்தைக் கட்டி, பல கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தது. அவற்றில் நன்றாகச் செய்த கருவியே ஏறக்குறைய 40 சதவீதத்தைத்தான் பிடித்தது. கருவியை நான் குறை சொல்லவில்லை. முதல் நாள் அரைமணி நேரத்தில் குப்பையை அள்ள அதைவிட நல்ல விளக்குமாறு கிடையாது. கூட்டி முடித்ததும் வீடு கட்டியாயிற்று என்று நினைப்பதில்தான் சிக்கல்.

பதிவாளர் ஒரு கேள்வி கேட்டார். நேர்மையான கேள்வி. "இதெல்லாம் கட்டாயமா, பரிந்துரையா?" 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்ப அணுகலைப் பற்றிப் பேசுகிறது. 2017இல் விதிகள் வந்தன. அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் வந்து, 2023இல் மூன்றாம் பதிப்பாகி, டபிள்யூசிஏஜி 2.1 என்ற உலகத் தரத்தின் இரட்டை ஏ நிலையைக் கேட்கின்றன. இத்தனை இருந்தும் ‘பரிந்துரைதானே’ என்று நழுவ இடம் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் இதைத்தான் கையில் எடுத்தது. சட்டம் கட்டாயம் என்று சொல்வதை விதி வெறும் பரிந்துரையாக்கக் கூடாது என்று 15ஆம் விதியின் முதல் உட்பிரிவையே செல்லாது என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று இன்னொரு வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்றது. இதைச் சொன்னதும் பதிவாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரி, பாருங்க" என்றார்.

எதைச் சோதிப்பது

தளத்தில் ஆயிரத்துக்கு மேல் பக்கங்கள். 11 நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. மாதிரிக்குச் சில பக்கங்களை எடுப்பது வழக்கம்: முகப்பு, ஒரு துறைப் பக்கம், ஒரு படிவம், ஒரு பட்டியல் என்று. நான் அப்படி எடுக்கவில்லை. கேன்டீனில் உட்கார்ந்து, வருவோர் போவோரிடம் "யூனிவர்சிட்டி வெப்சைட்டை கடைசியா எதுக்குத் திறந்தீங்க?" என்று கேட்டேன். துணைவேந்தரின் செய்தியைப் படிக்கத் திறந்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. தேர்வு அட்டவணை, தேர்வுக் கட்டணம், ஹால் டிக்கெட், ரிசல்ட், மறுமதிப்பீடு, சுற்றறிக்கை. திரும்பத் திரும்ப இவ்வளவுதான். கூடவே ஒன்றை நானே சேர்த்துக்கொண்டேன்: பார்வையற்ற மாணவர்கள் தேர்வு எழுத உதவியாளர், அதாவது ஸ்கிரைப், கேட்டு விண்ணப்பிப்பது. இந்த ஏழு வேலையையும் ஒரு மாணவர் யார் துணையும் இல்லாமல் தொடங்கி முடிக்க முடிகிறதா? சோதனை இதுதான். பக்கத்தின் அழகு, எண்ணிக்கை, மதிப்பெண் எதுவும் கணக்கில் இல்லை.

சோதிக்க மூன்று பேர் வந்தார்கள். மூவரும் அங்கேயே படிப்பவர்கள். ஒருவர் வரலாறு முதுகலை, முழுப் பார்வையின்மை, மடிக்கணினியில், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பான் வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. விலைகொடுத்து வாங்கும் வாசிப்பான்கள் எட்டாத நம் மாணவர்களுக்கு அதுதான் கண். இன்னொருவர் வணிகவியல் மாணவி. பார்வை குறைவு, எல்லாமே கைபேசியில், எழுத்தை விரலால் பெரிதாக்கி மூக்கருகே வைத்துப் படிப்பார். மூன்றாமவர் மூளை முடக்குவாதம் உள்ளவர். மௌஸ் பிடிக்க வராது, விசைப்பலகை மட்டும். மூவருக்கும் அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றேன். அதற்குக் கணக்குத் தலைப்பு இல்லை என்றார்கள். இரண்டு நாள் அலைந்து, பேராசிரியர்களுக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தின் கீழ் ஒரு வழி கண்டுபிடித்தோம். இந்த முழு வேலையிலும் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி இதுதான், தளத்தை இன்னும் திறக்கவே இல்லை.

வள்ளுவர் பேசாத பக்கம்

வரலாற்று மாணவர் முதலில் ஆங்கில முகப்பைக் கேட்டார். சமாளித்தார். அப்புறம் ‘தமிழ்’ என்ற இணைப்பை அழுத்தித் தமிழ்ப் பக்கத்துக்குப் போனார். வாசிப்பான் சில எண்களைச் சொன்னது. ஒரு தேதி, இன்னொரு தேதி, ஒரு தொலைபேசி எண். எண்களுக்கு நடுவே ஒன்றுமில்லை. கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனவர் நிறுத்தினார்.

"அக்கா, இங்க ஒண்ணுமே இல்லையே. பக்கம் இன்னும் போடலையா?"

பக்கம் இருந்தது. என் கண்ணெதிரே திரை நிறைய அழகான தமிழ். நிறுவனம் ஆங்கிலப் பக்கத்தின் வார்ப்பை அப்படியே எடுத்துத் தமிழ் உரையை ஊற்றியிருந்தது. பக்கத்தின் மொழி என்ன என்று நிரலின் தலையில் சொல்லும் ‘லாங்’ என்ற பண்பு மட்டும் ஆங்கிலம் என்றே நின்றுவிட்டது. அந்த மாணவரின் கணினியில் பேசுவது விண்டோஸின் இந்திய ஆங்கிலக் குரல், பெயர் ஹீரா. ஹீராவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, தெரிந்த எண்களை மட்டும் சொல்லிவிட்டு மற்றதைத் தாண்டிப் போய்விட்டது. வேறு சில குரல்கள் இப்படித் தாண்டாமல் எழுத்தெழுத்தாகக் கூட்டும், அது இன்னொரு கொடுமை. விண்டோஸில் தமிழுக்கும் ஒரு குரல் உண்டு, அதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் வள்ளுவர். இது தமிழ்ப் பக்கம் என்று நிரல் சொன்னால் போதும், என்விடிஏ தானாகவே ஹீராவை உட்காரவைத்துவிட்டு வள்ளுவரை எழுப்பும். சொல்ல வேண்டியது இரண்டே ஆங்கில எழுத்து: டி, ஏ.

நிரலாளர் அங்கேயே மாற்றினார். பக்கத்தைப் புதுப்பித்ததும் வள்ளுவர் பேச ஆரம்பித்தார். மாணவர் சிரித்துவிட்டார்.

இந்தக் குறையைக் கருவி ஏன் பிடிக்கவில்லை என்று திட்ட மேலாளர் கேட்டார். மொழிப் பண்பு இருக்கிறதா, அது செல்லுபடியாகும் குறியீடா என்பதைத்தான் கருவி சரிபார்க்கிறது. ஆங்கிலம் என்பது செல்லுபடியாகும் குறியீடுதான். 96 மதிப்பெண்ணில் இதற்கும் முழு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலத் துண்டும், ஆங்கிலப் பக்கத்தில் தமிழ்த் துண்டும் வரும் இடங்களுக்குத் தனித்தனியே மொழி குறிக்கும் வேலை பின்னால் இரண்டு நாள் எடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருக்கும் ‘தமிழ்’ என்ற அந்த இணைப்பே முதல் துண்டு. ஆங்கிலக் குரலில் அது வெற்று இணைப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முந்தைய தளத்தில் எங்கே இருக்கிறது என்று பழக்கத்தில் தெரிந்ததால்தான் அவரால் அதை அழுத்த முடிந்தது.

டேப் விசையும் ஆரஞ்சு நிறமும்

விசைப்பலகை மாணவருக்குத் தளத்தின் வாசலே திறக்கவில்லை. டேப் விசையை அழுத்தினால் கவனம் எந்த இணைப்பில் நிற்கிறது என்று காட்டும் கட்டம் தெரிய வேண்டும். "டிசைன்ல அசிங்கமா இருந்துச்சு" என்று அதை நீக்கியிருந்தார்கள். மேல் மெனுவோ மௌஸ் பட்டால்தான் விரியும், விசைக்கு விரியாது. தேர்வுகள் என்ற தலைப்புக்குள்தான் ஹால் டிக்கெட், அட்டவணை, ரிசல்ட் எல்லாம். ஏழு வேலையில் ஐந்து தொடங்காமல் அங்கேயே நின்றுவிட்டது. இரண்டையும் சரிசெய்ய ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது.

முகப்பின் சுழலும் படங்களுக்கு மாற்று உரை இருந்தது. ‘ஸ்லைடர் ஃபைனல் நியூ 2’ என்று. கோப்பின் பெயரைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். கருவிக்குத் திருப்தி. படத்துக்குள் இருந்த செய்தி, சேர்க்கைக்கான கடைசித் தேதி. ஓடும் செய்தி வரியும், ஒவ்வொரு அறிவிப்பின் பக்கத்திலும் கண்ணடிக்கும் ‘நியூ’ என்ற குட்டிப் படமும் இருந்தன. அந்தப் படம் எத்தனை அறிவிப்பு உண்டோ அத்தனை முறை வாசிப்பானில் ‘நியூ, நியூ’ என்று வந்தது, போன வருட அறிவிப்புக்கும் சேர்த்து. ஓடும் வரி இல்லாவிட்டால் அரசுத் தளம் போலவே இருக்காது என்று ஒரு அலுவலர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஐந்து நொடிக்கு மேல் தானாக ஓடும் எதற்கும் நிறுத்தும் பொத்தான் வேண்டும் என்பது தரம். பொத்தான் வைத்தோம், வரியை விட்டுவைத்தோம். எல்லாச் சண்டையையும் போட நேரமில்லை.

நிறத்துக்குக் கொஞ்சம் சண்டை போட்டேன். பல்கலைக்கழகத்தின் அடையாள நிறம் ஆரஞ்சு. பொத்தான்கள் எல்லாம் ஆரஞ்சில் வெள்ளை எழுத்து. ஒளிர்வு வேறுபாட்டை அளந்தால் 2.1க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும். வெயிலில் கைபேசியை வைத்துக்கொண்டு வணிகவியல் மாணவி "பொத்தான் இருக்கு, என்ன எழுதியிருக்குனு தெரியல" என்றார். நிழலில் நின்ற எனக்கே தெரியவில்லை. "வி.சி. ஓகே பண்ணின கலர் மேடம்" என்று நிறுவனம் கையை விரித்தது. பதிவாளர் அறையில் கைபேசியைக் கொடுத்து, வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்தார். ஆரஞ்சு பட்டையாக மட்டும் நின்றது, பொத்தான்களுக்கு அடர் அரக்கு வந்தது, வேறுபாடு 10ஐத் தாண்டியது. விரலால் பெரிதாக்குவதைத் தடுத்து வைத்திருந்த ஒரு வரியும் நீங்கியது. பெரிதாக்கியபோது வெளிவந்தது தமிழுக்கே உரிய தொல்லை. ‘மாற்றுத்திறனாளிகளுக்கான’ என்ற ஒரே சொல் பொத்தானை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தை வைத்து அகலமும் வரி உயரமும் அளந்ததால் பல இடங்களில் புள்ளியும் மேல்விலங்கும் தலை வெட்டுப்பட்டு, ‘க்’ எது ‘க’ எது என்று ஊகிக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நிறுவனம் ஒரு தீர்வோடு வந்தது. திரையின் ஓரத்தில் மிதக்கும் சக்கர நாற்காலிச் சின்னம். அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். ஒரே வரி நிரல், எல்லாக் குறையும் தீரும் என்று விற்கிறார்கள். இப்படி விற்ற அக்சஸிபீ என்ற நிறுவனத்துக்கு, தன் கருவி எந்தத் தளத்தையும் தரத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்று சொன்னதற்காக, அமெரிக்காவின் வணிக ஆணையம் 2025 ஜனவரியில் பத்து லட்சம் டாலர் கட்டச் சொன்னது. வரலாற்று மாணவர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என் மெஷின்லயே இதெல்லாம் இருக்குக்கா. நான் எதுக்கு ஒவ்வொரு சைட்லயும் போய்த் தேடணும்?" சின்னம் போகவில்லை. எழுத்தைப் பெரிதாக்க மட்டும் இருக்கட்டும் என்று விட்டேன்.

தேர்வுக் கட்டணப் படிவம் தனிக்கதை. பெட்டிக்குள் மங்கலாக ‘பதிவு எண்’ என்று எழுதியிருக்கும், தட்டச்சு செய்ய ஆரம்பித்ததும் மறைந்துவிடும். வெளியே தலைப்பு இல்லை. தவறாக நிரப்பினால் கட்டம் சிவப்பாகும், ஏன் என்று சொல்லாது. பிறந்த தேதியை நாட்காட்டிப் படத்தில் மௌஸால் தேட வேண்டும். 2004ஆம் ஆண்டுக்குப் போக மாதம் மாதமாகப் பின்னால் சொடுக்க வேண்டும், இதில் மாற்றுத்திறன் எங்கே வந்தது, எனக்கே விரல் வலித்தது. கடைசியில் கோணல்மாணலாக எழுத்துப் படம், அதைப் பார்த்துத் தட்ட வேண்டும். ஒலி வடிவம் கிடையாது. இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் முடிக்காவிட்டால் எச்சரிக்கை இல்லாமல் வெளியே தள்ளிவிடும். வரலாற்று மாணவர் மூன்று முறை தள்ளப்பட்டார்.

நிரலாளரின் தரப்பிலும் நியாயம் இருந்தது. பாதுகாப்புத் தணிக்கைச் சான்று இல்லாமல் அரசுத் தளம் மேலேறாது, அந்தத் தணிக்கையில் எழுத்துப் படமும் நேர வரம்பும் கேட்டதாகச் சொன்னார். தணிக்கை அறிக்கையை வாங்கிப் படித்தோம். நேர வரம்பு வேண்டும் என்றிருந்தது, ஐந்து நிமிடம் என்று எங்கும் இல்லை. 20 நிமிடமாக்கி, முடிவதற்கு முன் கேட்டு நீட்டிக்கும்படி செய்தார். எழுத்துப் படத்துக்குப் பதில் எழுத்தில் கேட்கும் ஒரு சின்னக் கூட்டல், கூடவே ஐந்து முறை தவறினால் கணக்கைச் சற்று நேரம் பூட்டிவைப்பது. தணிக்கையாளர் ஒப்புக்கொண்டார். அணுகலும் பாதுகாப்பும் எதிரெதிர் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு அறையில் வேலை பார்த்திருக்கிறார்கள், நடந்தது அவ்வளவுதான்.

ரிசல்ட் அட்டவணை கண்ணுக்கு ஒழுங்காக இருந்தது. காதுக்கு "நாற்பத்தேழு, இருபத்தைந்து, எழுபத்திரண்டு, பி" என்று வந்தது. எந்தப் பாடத்துக்கு, எது அகமதிப்பீடு, எது மொத்தம், தெரியாது. தலைப்புக் கட்டங்களைத் தலைப்பு என்று நிரலில் குறிக்காததால் வந்தது. சரியானதும் மாணவர் தன் பழைய அரியர் ஒன்றைக் கேட்டுவிட்டு, "இதை முன்னாடியே சரி பண்ணியிருக்க வேண்டாம்க்கா" என்றார்.

ஜே, கே, பி, ஓ, செமிகோலன்

இதுவரை சொன்னதெல்லாம் நிறுவனம் ஒரு வாரத்தில் செய்து முடித்த வேலை. நிரலில் இருந்த குறை, நிரலில் தீர்ந்தது. சுற்றறிக்கைப் பக்கத்தில்தான் நான் சரிந்து உட்கார்ந்தேன்.

பட்டியல் சரியாக வாசித்தது. ஒன்றை அழுத்தினால் பிடிஎஃப் திறக்கும். வாசிப்பான் ‘வெற்று ஆவணம்’ என்றது. ஸ்கேன் செய்த படம், உள்ளே எழுத்தே இல்லை. அடுத்தது. அதுவும் படம், கொஞ்சம் சாய்வாக. அதற்கடுத்ததில் எழுத்து இருந்தது, எனக்கு நம்பிக்கை வந்தது. மாணவரின் காதில் விழுந்தது: "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்."

பழைய ஆட்களுக்கு இது புரிந்திருக்கும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுத அழுத்த வேண்டிய விசைகள் அவை. கணினி சேமிப்பது அந்த ஆங்கில எழுத்துகளைத்தான், அவற்றின்மேல் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவே. பார்க்கிறவருக்குத் தமிழ், கேட்கிறவருக்குச் செமிகோலன். வானவில் எழுத்துருவிலும் இதே கதை, விசைகள் மட்டும் வேறு. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயம், தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் குறியீட்டு முறைகளான யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அலுவலகங்களில் பாமினியும் வானவில்லும் ஓய்வு பெறவில்லை.

ஸ்கிரைப் கேட்கும் விண்ணப்பப் படிவமும் ஸ்கேன் படம்தான். பார்வையற்றவர் மட்டுமே தேடிவரும் ஒரு பக்கம், அச்செடுத்து, கையால் நிரப்பி, துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கி நேரில் கொடுக்க வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்தப் படிவத்தை யார் படிப்பார் என்று ஒருவரும் ஒரு நிமிடம் நினைக்கவில்லை.

நிறுவனம் இதைத் தொடவே மறுத்தது. "கன்டென்ட் உங்க பொறுப்பு மேடம், டெண்டர்ல இருக்கு." சரிதான். நான் தேர்வுப் பிரிவுக்குப் போனேன். சுற்றறிக்கைகளைத் தட்டச்சு செய்பவர் ஓய்வுக்குச் சில வருடமே மீதமுள்ள ஒரு அம்மா. பாமினியில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். அடித்து, அச்செடுத்து, அலுவலரின் பச்சை மைக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்கேன் செய்து, பென் டிரைவில் கணினி மையத்துக்கு அனுப்புவார்.

"அப்படியே டைப் பண்ணினதையே சைட்ல போட்டுட்டா என்னம்மா?"

"சீல் இல்லாம போட்டா யாரு மேடம் நம்புவாங்க? போன வருஷம் எவனோ ஒரு பையன் லீவுன்னு போலியா சர்க்குலர் அடிச்சு வாட்ஸ்அப்ல விட்டுட்டான். பாதிப் பேரு வரல."

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. முத்திரைக்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. அன்று மாலை யோசித்து இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவுக்கு வந்தோம். சுற்றறிக்கையின் உரை பக்கத்திலேயே எழுத்தாக இருக்கும், கீழே ‘கையெழுத்திட்ட நகல்’ என்று ஸ்கேன் இணைந்திருக்கும். பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் இருப்பதே ஒரு முத்திரைதான் என்று வாதாடிப் பார்த்தேன், அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

ஏன் யூனிகோடில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கினால் போதாதா என்று கேட்கலாம். தமிழுக்கு அதுவும் பல நேரம் கைகொடுக்காது. ‘தேர்வு’ என்று எழுதினால், திரையில் இரட்டைக் கொம்பு முதலில், ‘த’ பின்னால். பிடிஎஃப் ஆக்கும் மென்பொருள் பல கண்ணில் தெரியும் வரிசையிலேயே உள்ளேயும் வைத்துவிடுகின்றன. நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் கிடக்கும். வாசிப்பானும் அப்படியேதான் படிக்கும். சாதாரண வலைப்பக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை.

மிச்சம் இருந்தது பாமினி விரல்கள். அந்த வயதில் தமிழ்99 என்ற வேறு விசை அமைப்பைப் பழகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டியதும் இல்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவசக் கருவிகளில் பாமினி விசை அமைப்பையே தேர்ந்துகொள்ளலாம்: விரல் அதே இடத்தில் அடிக்கும், உள்ளே விழுவது யூனிகோடு. நிறுவிக் கொடுத்தேன். இரண்டு வரி அடித்துப் பார்த்தார். "அதேதான வருது மேடம், என்ன வித்தியாசம்?" அந்த வரியை வரலாற்று மாணவரின் கணினிக்கு அனுப்பி வள்ளுவரை வாசிக்கவிட்டேன். நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து முழுவதும் கேட்டார். பழைய கோப்புகளை மாற்ற மாற்றிக் கருவியும் உண்டு என்றதும், இந்தப் பருவத்துக்கான சுற்றறிக்கைகளை அவரே எடுத்து மாற்ற ஆரம்பித்துவிட்டார். இப்போது கூகுளில் தேடினாலும் அவை கிடைக்கும் என்பது அவருக்குப் பின்னால் தெரிந்தது, அதை என்னைவிட அவர்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சான்றிதழா, பட்டியலா

ஒன்பதாம் நாள். ஏழு வேலையில் ஐந்து முடிகிறது. ஸ்கிரைப் விண்ணப்பம் இணையப் படிவமாகிவிட்டது, துறைத்தலைவரின் ஒப்புதலும் அதிலேயே. கட்டணம் மட்டும் பாதி வழியில் நின்றது: படிவம் சரியாகிவிட்டது, ஆனால் ‘செலுத்து’ என்று அழுத்தினால் போகும் பக்கம் வங்கியுடையது. அங்கே அட்டையின் மாதமும் வருடமும் கேட்கும் பெட்டிகளுக்குப் பெயரில்லை. நம் கை எட்டாத இடம். வங்கிக்குக் கடிதம் எழுதினோம். யுபிஐ வழி மூவருக்கும் வேலை செய்ததால் அதை மேலே கொண்டுவந்தோம். சுற்றறிக்கையில் பழையவை ஆயிரக்கணக்கில் கிடந்தன. விழாக் காணொளிகளில், பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் எழுத்துரை இல்லை.

காணொளியைச் சொன்னதும் ஒரு அலுவலர், "அப்போ எடுத்துடலாமா?" என்றார். அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகமே அப்படிச் செய்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி இலவசமாக இணையத்தில் விட்டிருந்த பாடங்களில் எழுத்துரை இல்லாததைக் குறித்து, செவித்திறன் குறைந்தோர் முறையிட்டதை விசாரித்த அந்நாட்டு அரசின் நீதி அமைச்சகம் 2016இல் கடிதம் எழுதியது. 2017 மார்ச்சில் 20,000க்கு மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுக்கப்போவதாகப் பெர்க்லி அறிவித்தது. கேட்டவருக்கும் கிடைக்கவில்லை, கேட்காதவருக்கும் போய்விட்டது. வேண்டாம் என்றேன். சேர்க்கை விளக்கக் காணொளி ஒன்றுக்கு மட்டும் உடனே எழுத்துரை, மற்றவை வரிசையில்.

பதிவாளர் சான்றிதழ் கேட்டார். ‘இத்தளம் முழுமையாக அணுகத்தக்கது’ என்று ஒரு வரி, கையெழுத்து. என்னால் கொடுக்க முடியவில்லை. அதற்குப் பதில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எந்த வேலைகள் சோதிக்கப்பட்டன, யார் யாரைக் கொண்டு, எவை இன்னும் சரியில்லை, எப்போதைக்குள், அதுவரை யாருக்குப் போன் செய்தால் அந்த வேலையை முடித்துக்கொடுப்பார்கள்.

"நம்ம குறையை நாமே போட்டுக்கறதா மேடம்? பேப்பர்காரங்க பார்த்தா?"

ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசு சார்ந்த தளங்கள் இப்படி ஒரு அறிக்கையை வெளியிடுவது 2016ஆம் ஆண்டின் உத்தரவுப்படி கட்டாயம் என்று சொன்னேன். அது அவரை அசைக்கவில்லை. வரலாற்று மாணவர்தான் கூட்டத்தில் வாயைத் திறந்தார். "சார், எது வேலை செய்யாதுன்னு முன்னாடியே தெரிஞ்சா நான் அதுல ஒரு மணி நேரம் உக்காந்து போராட மாட்டேன். நேரா போன் பண்ணிடுவேன்." பதிவாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், போன் எண்ணாக யாருடையதைப் போடுவது என்று விவாதம் திரும்பியது. அதில் ஒரு மணி நேரம் போனது. கடைசியில் தேர்வுப் பிரிவின் எண்ணையே போட்டார்கள்.

திறப்பு விழா நடந்தது. பொத்தானை அழுத்தினார்கள், கைதட்டினார்கள். லைட்ஹவுஸ் மதிப்பெண் அன்று 93. இடையில் ஓரமாக ஒட்டவைத்த நாட்காட்டி ஒன்றால் குறைந்திருந்தது. திட்ட மேலாளர் அதைப் பற்றி மட்டும் இரண்டு முறை வருத்தப்பட்டார்.

மூன்றாவது வாரம்

மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். வங்கியிலிருந்து பதில் இல்லை. சேர்க்கைக் காணொளிக்கு எழுத்துரை வந்திருந்தது, ‘துணைவேந்தர்’ ஓரிடத்தில் ‘துணை வேண்டாதார்’ ஆகியிருந்ததைச் சொல்லித் திருத்தச் சொன்னேன். திறப்புக்குப் பிறகு வந்த அறிவிப்புகளைத் திறந்து பார்த்தேன், 14 இருந்தன. ஒன்பதில் உரை எழுத்தாக இருந்தது, கீழே பச்சைக் கையெழுத்தோடு நகல். ஐந்து வெறும் ஸ்கேன். ஐந்தும் ஒரே பிரிவிலிருந்து, உதவித்தொகைப் பிரிவு, முதல் மாடி. அங்கே நான் போகவே இல்லை, ஏழு வேலைப் பட்டியலில் உதவித்தொகை இல்லாததால்.

கீழே வந்து தேர்வுப் பிரிவில் சொன்னேன். பாமினி அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அங்க இருக்கறது என் கூட டைப்பிங் படிச்சவதான். நீங்க உக்காருங்க மேடம், அந்தச் சாஃப்ட்வேரை ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க. நான் போய்ட்டு வரேன்."